கணினியைப் போடும்போதெல்லாம் டிஸ்க் சோதனை ஓடுகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கணினியை ஆன் செய்ததும் உள்நுழையும் திரைக்கு முன்னால் "ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்" என்ற வரி வருகிறது. சதவீதம் ஏறுகிறது, முடிகிறது, விண்டோஸ் வழக்கம்போல் திறக்கிறது. மறுநாள் மறுபடியும் அதே வரி.

இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது, சோதனையை வரவிடாமல் செய்யும் கட்டளையைத்தான். அப்படி ஒன்று இருக்கிறது, ஒரே வரிதான். ஆனால் அது இந்த வரிசையில் கடைசியில் வர வேண்டியது. ஏன் என்று புரிய, சோதனை எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

ஃபைல் சிஸ்டத்தில், அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கில், ஏதோ கோளாறு என்று விண்டோஸுக்குப் பட்டால், அந்த டிரைவில் ஓர் அடையாளம் போட்டு வைக்கும். அதற்கு டர்ட்டி பிட் என்று பெயர். அடுத்த முறை கணினி எழும்போது ஒரு சிறு நிரல் அந்த அடையாளத்தைப் பார்க்கும். இருந்தால் சோதனை ஓடும். சோதனை ஒழுங்காக முடிந்தால் அடையாளம் அழியும்.

ஆகவே தினமும் சோதனை ஓடுகிறது என்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது. அடையாளம் அழியவே இல்லை. அல்லது அழிந்து, மறுபடி விழுகிறது. அல்லது அடையாளமே இல்லை, எப்போதோ கொடுத்த சோதனை உத்தரவு ஒன்று அப்படியே தங்கிவிட்டது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் செய்கிற வேலை எல்லாம் குருட்டாம்போக்குதான்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

முதலாவது பேக்கப். இழக்க முடியாத ஃபைல்களை வேறொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ வையுங்கள். சோதனைக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். பழுதுபார்க்கும் கட்டளையின் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் முதல் கடமை அல்ல. சிதைந்த ஒரு கோப்புறையைத் துண்டித்து, அதில் இருந்தவற்றை "ஃபவுண்ட்.000" என்ற மறைந்த கோப்புறைக்குள் பெயரில்லாத துண்டுகளாகப் போட்டுவிடவும் கூடும்.

இரண்டாவது, பிட்லாக்கர் (டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட கணினி என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி. மீட்புச் சூழலுக்குள் (விண்டோஸுக்கு வெளியே பழுதுபார்க்கும் இடம், படி 7-ல் வரும்) போனால் அது கேட்கப்படும். சாவியை அந்தக் கணினிக்குள்ளேயே வைத்திருந்தால் பயனில்லை. அச்சிட்டோ, கைபேசியில் எடுத்தோ வையுங்கள்.

மூன்றாவது, மடிக்கணினி என்றால் சார்ஜர் செருகியே இருக்க வேண்டும். சோதனை நடுவே பேட்டரி தீர்ந்தால் ஒரு சிக்கல் இரண்டாகும்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதி, எப்படி அடிக்க வேண்டும் என்பதையும் முதல் தடவை சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளை அடிக்கும் கருப்புச் சாளரம்), "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்த பிறகே அடியுங்கள். சாதாரணமாகத் திறந்தால் அனுமதி இல்லை என்று நின்றுவிடும்.

## 2. எந்த டிரைவ் என்று முதலில் பாருங்கள்

பலர் சி டிரைவ்தான் என்று எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். திரையில் அடைப்புக்குறிக்குள் வரும் எழுத்து டி-யாகவோ இ-யாகவோ இருக்கும். எப்போதும் செருகியே கிடக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் இவற்றுக்கும் இந்தச் சோதனை உண்டு.

எழுத்துக்குப் பதிலாக "வால்யூம்" என்று தொடங்கி நீளமான எண் வரிசை வந்தால், அது எழுத்து ஒதுக்கப்படாத பகுதி. விண்டோஸ் தானாக உருவாக்கும் ரிசர்வ்டு அல்லது ரிகவரி பகுதிகள் அப்படி வரும்.

வெளியிலிருந்து செருகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சோதனை வரவில்லையா? அப்போது குற்றவாளி கழற்றியவற்றில் ஒன்று. அதைச் செருகி, டிரைவ் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ச் சரிசெய்யுங்கள். இனி அதை "சேஃப்லி ரிமூவ்" கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

ஒரு முக்கியமான விஷயம்: இந்த வழிகாட்டி முழுக்க, சோதித்துப் பார்க்க ரீஸ்டார்ட்டையே பயன்படுத்துங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. விண்டோஸின் உட்கரு தூக்கநிலையில் சேமிக்கப்பட்டு, அங்கிருந்தே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

## 3. பழுதுபார்க்கும் முன் டிஸ்க்கின் உடல்நிலை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நேராக முழு டிஸ்க்கையும் படிக்கும் சோதனையை ஓடவிடுகிறார்கள். டிஸ்க் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், மணிக்கணக்கில் ஓடும் அந்தச் சோதனையே அதற்குக் கடைசி அடியாகிவிடலாம்.

டிஸ்க்குகள் தங்கள் நிலைமையைத் தாங்களே குறித்துவைக்கும். ஸ்மார்ட் என்று சொல்வார்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் அதைக் காட்டும். திறந்ததும் மேலே "குட்", "காஷன்", "பேட்" என்று ஒரு மதிப்பீடு இருக்கும். அதை மட்டும் பார்த்து மூடிவிடாமல், கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள்.

05: கெட்டுப்போய், மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) எண்ணிக்கை. சி5: படிக்கத் திணறி, தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. சி6: சரிசெய்யவே முடியாதவை. சி7: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகும் வழியில் நேர்ந்த பிழைகள்.

முதல் மூன்றும் பூஜ்ஜியம் என்றால் நிம்மதி. சி5 அல்லது சி6 பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தாலோ, 05 நாளுக்கு நாள் ஏறினாலோ இங்கேயே நிறுத்துங்கள். பேக்கப்பை முடியுங்கள், புதிய டிஸ்க் வாங்குங்கள். அந்த டிஸ்க்கைச் சோதித்துச் சோதித்து நம்பகமாக்க முடியாது.

சி7 வேறு கதை. அது டிஸ்க்கைவிட, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையே சுட்டும். ஆனால் இந்த எண் ஒருபோதும் குறையாது. பழைய எண் அப்படியே நின்றால் கவலை வேண்டாம்; இன்று குறித்துவைத்து, சில நாள் கழித்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதியவர்கள் பதறும் இடம் ஒன்று உண்டு. மூல மதிப்புகள் (ரா வேல்யூஸ்) பதினாறடிமான எண்களில் இருப்பதால் எழுத்தும் எண்ணும் கலந்து பெரிதாகத் தெரியும். 01, 07 வரிகளில் சில நிறுவனங்களின் டிஸ்க்குகள் பிரம்மாண்டமான எண்களைக் காட்டுவது இயல்பு, அவற்றை விட்டுவிடுங்கள். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் போனால் மூல மதிப்புகளைப் பதின்ம எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) இந்த வரிகள் இருக்காது. அங்கே "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" என்ற வரி பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். "அவெய்லபிள் ஸ்பேர்" அதன் எல்லை மதிப்புக்கு மேலே இருக்க வேண்டும்.

## 4. ஒரே ஒரு முறை முழுமையாக ஓட விடுங்கள்

டிஸ்க் நலம் என்றால், இப்போது நீங்களே ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கட்டளையின் பெயர் செக்டிஸ்க்: "செக்" என்பதை சி, எச், கே என்றும், "டிஸ்க்" என்பதை நடுவில் உள்ள ஐ-யை விட்டும் சேர்த்து எழுதுவது. ஓர் இடம் விட்டு சி:, மறுபடி இடம் விட்டு /எஃப். விண்டோஸ் ஓடும் டிரைவை அப்போதே பூட்ட முடியாது என்பதால் அடுத்த துவக்கத்தில் செய்யட்டுமா என்று கேட்கும். ஒய் அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

/ஆர் வேண்டாமா? 05, சி5, சி6 மூன்றும் பூஜ்ஜியம் என்றால் வேண்டாம். /எஃப் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைச் சரிபார்க்கிறது. /ஆர் அதோடு சேர்த்து டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிக்கிறது. பெரிய ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும். டர்ட்டி பிட்டை அழிக்க /எஃப் போதும்.

சோதனை தொடங்குவதற்கு முன் சில விநாடிகள் "எந்தக் கீயையாவது அழுத்தினால் தவிர்க்கலாம்" என்று வரும். தினமும் அவசரத்தில் அங்கே கீயைத் தட்டிவிட்டு, தினமும் சோதனை வருகிறதே என்று குழம்புகிறவர்கள் ஏராளம். தவிர்த்தால் அடையாளம் அப்படியே இருக்கும், நாளை மறுபடி வரும். அவ்வளவுதான்.

சதவீதம் ஓர் எண்ணிலேயே நெடுநேரம் நிற்பதும் சகஜம். சதவீதம் நேரத்தைக் காட்டுவதில்லை. ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம்.

## 5. சோதனை என்ன சொன்னது என்று படியுங்கள்

திரையில் ஓடிய வரிகள் மறைந்துவிட்டாலும் விண்டோஸ் அவற்றைச் சேமித்திருக்கும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். பட்டியலில் மூலம் (சோர்ஸ்) "வின்இனிட்" என்றும் எண் (ஈவென்ட் ஐடி) 1001 என்றும் இருக்கும் பதிவைத் தேடுங்கள். முழு அறிக்கையும் அதில் இருக்கும்.

பிரச்சினை எதுவும் இல்லை என்று முடிந்திருக்கிறதா, திருத்தங்கள் செய்ததாக முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே "பேட் செக்டர்ஸ்" என்ற வரியில் எத்தனை கேபி என்று இருக்கும். பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

முந்தைய நாட்களின் 1001 பதிவுகளையும் திறந்து ஒப்பிடுங்கள். தினமும் "திருத்தம் செய்தேன்" என்றே வந்தால், சிதைவு புதிது புதிதாக நடக்கிறது. தினமும் "பிரச்சினை இல்லை" என்று வந்தால் ஃபைல் சிஸ்டம் நன்றாகவே இருக்கிறது, சோதனையைத் தூண்டுவது வேறு ஏதோ. சோதனை ஓடியதாகத் தோன்றியும் பதிவே இல்லை என்றால், அது முடியும் முன்பே நின்றிருக்கலாம்.

## 6. மூன்று நேரங்களில் டர்ட்டி பிட்டைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். கட்டளை: எஃப்எஸ்யூட்டில் டர்ட்டி கொயரி சி:. முதல் சொல்லில் எஃப், எஸ் இரண்டையும் "யூட்டில்" என்பதோடு ஒட்டி எழுதுங்கள், யூட்டிலிட்டியின் முதல் நான்கு எழுத்துகள். மற்ற இரண்டும் வழக்கமான ஆங்கிலச் சொற்களே. பதில் ஒற்றை வரியில் வரும்: டிரைவ் டர்ட்டி, அல்லது நாட் டர்ட்டி.

சோதனை முடிந்து உள்ளே நுழைந்த உடனே ஒரு முறை கேளுங்கள். வழக்கமான வேலைகளைச் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் கொடுப்பதற்குச் சற்று முன் ஒரு முறை. ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் ஒரு முறை. மூன்று பதிலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், நினைவில் வைத்தால் குழப்பம் வரும்.

முதல் பதிலே டர்ட்டி என்றால் படி 7. முதலில் நாட் டர்ட்டி, பிறகு டர்ட்டி என்றால் படி 8. ரீஸ்டார்ட்டுக்கு முன் நாட் டர்ட்டி, ஆனாலும் சோதனை வருகிறது என்றால் படி 9.

டர்ட்டி பிட்டைக் கையால் அழிக்கும் கட்டளை உண்டா என்று கேட்பார்கள். இதே எஃப்எஸ்யூட்டிலில் பிட்டை வைக்க வழி உண்டு, எடுக்க வழி இல்லை. சோதனை முடிந்தால்தான் அது போக வேண்டும் என்பதே வடிவமைப்பு, அது சரியான வடிவமைப்பும்கூட.

## 7. அடையாளம் அழியவே இல்லை என்றால்

சோதனை நிரலால் டிரைவைத் தன் கைக்குள் கொண்டுவர முடியவில்லை என்று அர்த்தம். நீலத் திரையிலோ கருந்திரையிலோ "கேனாட் ஓப்பன் வால்யூம் ஃபார் டைரக்ட் ஆக்சஸ்" என்று ஒரு வரி மின்னி மறையும். கைபேசியில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தால் பிடிபடும்.

பொதுவான காரணம், துவக்கத்திலேயே டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும் மென்பொருள்: வைரஸ் தடுப்பு, டிஸ்க் குறியாக்கம், பேக்கப் எடுக்கும் நிரல், பார்ட்டிஷன் நிரல். சமீபத்தில் எதை நிறுவினீர்கள் என்று யோசியுங்கள். அதை நீக்கிவிட்டு ஒரு முறை சோதனையை ஓடவிட்டு, பிறகு வேண்டுமானால் மறுபடி நிறுவலாம்.

அதைவிட நேரான வழி, விண்டோஸுக்கு வெளியிலிருந்து சோதிப்பது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட். அங்கே உங்கள் விண்டோஸ் மென்பொருள் எதுவும் ஓடாது. டிரைவ் சும்மா கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். உங்கள் சி அங்கே டி ஆகியிருக்கும். செக்டிஸ்க் கொடுக்கும் முன், டிரைவில் இருப்பவற்றைப் பட்டியலிடும் டிஐஆர் கட்டளையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, யூசர்ஸ், விண்டோஸ் கோப்புறைகள் எதில் இருக்கின்றன என்று உறுதிசெய்யுங்கள். தவறான பகுதியைச் சோதித்துவிட்டு "செய்தும் போகவில்லை" என்று சொல்வது இங்கே அடிக்கடி நடப்பது.

## 8. அழிந்து, மறுபடி விழுகிறது என்றால்

சிதைவு தொடர்கிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புவதுபோல் சோதனையை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் முடிவே இல்லை. காரணங்களை எளிதானதிலிருந்து கடினமானதற்கு என்ற வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

அணைக்கும் முறை. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் கர்னல்-பவர் 41 பதிவுகள் இருக்கின்றனவா? கணினி ஒழுங்காக அணையவில்லை என்பதற்கு அது சாட்சி. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, பலகைச் சுவிட்சை நேராக நிறுத்துவது, மின்வெட்டு, வலுவிழந்த மடிக்கணினி பேட்டரி எல்லாம் இதில் வரும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இருந்தால், அதன் பேட்டரி உண்மையில் தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஒரே கணினியில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். விண்டோஸ் தூங்கும்போது டிரைவின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. லினக்ஸ் அதே டிரைவில் எழுதினால், எழுந்து வரும் விண்டோஸின் நினைவும் டிஸ்க்கின் உண்மை நிலையும் பொருந்தாது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்று போய், மேலே உள்ள "சேஞ்ச் செட்டிங்ஸ்" இணைப்பை அழுத்திய பின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுத்துவிடுங்கள். அந்த இணைப்பை அழுத்தாதவரை பெட்டி மங்கலாகவே இருக்கும்.

லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையை ஓட்டிச் சரிசெய்துவிட்டதாக நினைப்பதும் உண்டு. அது சில்லறைத் திருத்தங்களைச் செய்துவிட்டு, அடுத்த விண்டோஸ் துவக்கத்தில் சோதனை ஓடும்படி குறித்துவைக்கும். செக்டிஸ்க்குக்கு அது மாற்று ஆகாது.

கேபிள். சிஸ்டம் பகுதியில் மூலம் "டிஸ்க்" என்று 11 அல்லது 153 எண் பதிவுகள் வந்து, சி7-ம் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு பெட்டியைத் திறவுங்கள். கேபிளின் முனையை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள்: நல்ல முனை இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், தளர்ந்தது பக்கவாட்டில் சாயும், சில சமயம் கையோடு வந்துவிடும். கழற்றி அதையே செருகிவிட்டுத் தீர்ந்தது என்று விடாமல், புதுக் கேபிள் போடுங்கள். டிஸ்க்குக்குப் போகும் மின் இணைப்பையும் வேறொரு முனைக்கு மாற்றுங்கள். 7 எண் பதிவு வந்தால் அது கெட்ட செக்டர். படி 3-க்குத் திரும்புங்கள்.

ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். இதை யாரும் சந்தேகிப்பதில்லை. டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு தகவலும் ராம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், பழுதே இல்லாத டிஸ்க்கில் பழுதான தகவல் பத்திரமாக எழுதப்படும். டிஸ்க்கை மாற்றிய பிறகும் சோதனை தொடர்ந்தால் முதல் சந்தேகம் ராம் மேல்தான் வர வேண்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பக்கூடாது. ராமை ஓவர்கிளாக் செய்திருந்தால் (இயல்பைவிட வேகமாக ஓட வைத்திருந்தால்), முதலில் அதை இயல்புக்குக் கொண்டுவந்துவிட்டுச் சோதியுங்கள்.

ஃபர்ம்வேர், டிரைவர். எல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்தால், எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் நிரலில் புதிய ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல்) இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு முன் பேக்கப்பை ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

காரணம் தீர்ந்த பிறகு, ஏற்கெனவே சிதைந்த விண்டோஸ் ஃபைல்களுக்காக எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள். காரணம் தீரும் முன் ஓட்டினால் வீண். நாளைக்கு வேறொரு ஃபைல் சிதையும்.

## 9. அடையாளம் இல்லை, ஆனாலும் சோதனை வருகிறது என்றால்

எப்போதோ திட்டமிட்ட சோதனை, முடிந்த பிறகும் விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டிலிருந்து (ரெஜிஸ்ட்ரி) நீங்காமல் இருக்கிறது. தீர்வு எளிது. செக்என்டிஎஃப்எஸ் /டி என்று அடியுங்கள். "செக்" இங்கேயும் சி, எச், கே மட்டுமே, அதோடு என்டிஎஃப்எஸ் ஒட்டி. சாய்கோட்டுக்குப் பின் வருவது டிஃபால்ட் என்பதன் முதலெழுத்து. எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

அப்புறமும் வந்தால், ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், செஷன் மேனேஜர் என்று போய் "பூட்எக்ஸிக்யூட்" மதிப்பைத் திறந்து பாருங்கள். இயல்பாக ஒரே வரி, அதன் கடைசியில் நட்சத்திரக் குறி. கூடுதல் வரி இருந்தால், எந்த மென்பொருள் போட்டது என்று அதன் பெயரே பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த மென்பொருளை முறையாக நீக்குங்கள். வரியைக் கையால் அழிப்பதாக இருந்தால் முதலில் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

## 10. லினக்ஸ் கணினியாக இருந்தால்

எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) டிரைவில் தினமும் எஃப்எஸ்சிகே என்ற சோதனை நிரல் ஓடினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகும். டிரைவில் கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகத் தெரிய, சோதனை தூண்டப்படும். நாணயம் அளவுள்ள பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

கடிகாரம் சரி என்றால், டியூன்2எஃப்எஸ் -எல் கட்டளை காட்டும் "மேக்ஸிமம் மவுண்ட் கவுண்ட்" மதிப்பு 1 ஆக இருக்கிறதா என்றும், லினக்ஸைத் துவக்கும் கிரப் நிரலின் வரியில் கட்டாயச் சோதனைக்கான சொல் தங்கிவிட்டதா என்றும் பாருங்கள்.

## 11. சோதனையை நிறுத்தும் கட்டளை எப்போது

செக்என்டிஎஃப்எஸ் /எக்ஸ் டி: என்றால் டி டிரைவ் துவக்கத்தில் சோதிக்கப்படாது. டர்ட்டி பிட் அப்படியே இருக்கும், சிதைவும் அப்படியே இருக்கும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். புது டிஸ்க் வந்து சேரும் வரை பழைய டிஸ்க்கைச் சோதனை வருத்தாமல் இருக்க வேண்டும், இடையில் ஃபைல்களை நகலெடுக்க வேண்டும் என்ற நிலையில் மட்டும் இதைக் கொடுங்கள்.

இரண்டு டிரைவ்களை விலக்க வேண்டுமானால் ஒரே வரியில் இரண்டையும் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். நகலெடுத்து முடிந்ததும் செக்என்டிஎஃப்எஸ் /டி கொடுத்து, சோதனையை மறுபடி இயங்க விடுங்கள்.